சந்திக்காத இரண்டு மருந்துச் சீட்டுகள்

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்தில் ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிடும் பெரியவர் ஒருவரின் மருந்துப் பையைக் கவிழ்த்தால், பல வீடுகளில் இரண்டு மாநிலங்களும் சேர்ந்தே விழும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மாத்திரை அட்டைகள் இருக்கும். அல்லது 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாசலுக்கே வந்த அட்டைகள் இருக்கும். கூடவே மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியில் ஏதோ ஒரு வைத்தியசாலையில் வாங்கிய கஷாயக் குப்பியும் குளிகை டப்பாவும். குற்றாலத்தில் சாரல் சமயம் சாலையோரம் வாங்கிய, பெயரும் முகவரியும் இல்லாத பொடிப் பொட்டலம் ஒன்று அடியில் கிடந்தாலும் வியப்பில்லை.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர வைத்தியப் பழக்கம் மாறவில்லை. நமக்கு ஆடி பிறக்கும்போது அங்கே கர்க்கடகம் பிறக்கிறது. மருந்துக் கஞ்சிப் பொட்டலம் மலையின் இருபுறமும் விற்கிறது. மூட்டுவலிக்குக் கிழியும் பிழிச்சலும், பிள்ளை பெற்றவளுக்கு லேகியமும் அரிஷ்டமும், இருமலுக்கு நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி மடித்துத் தரும் பொட்டலமும் இங்கே யாரும் 'மாற்று மருத்துவம்' என்று நினைத்துச் சாப்பிடுபவை அல்ல. பாட்டி காலத்திலிருந்து வீட்டோடு வந்தவை.

அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாத்திரை எழுதிய டாக்டருக்கு நோயாளி கஷாயம் குடிப்பது தெரியாது. கஷாயம் கொடுத்த வைத்தியருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது தெரியாது. நோயாளி இருவரிடமும் வாய் திறப்பதில்லை. டாக்டர் திட்டுவாரோ என்ற பயம் ஒன்று, வைத்தியர் மனம் கோணுவாரோ என்ற தயக்கம் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேலாக, "நாட்டு மருந்துதானே, அதையெல்லாமா மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?" என்ற எண்ணம்.

அந்த எண்ணத்திலிருந்தே தொடங்கவேண்டும். உடம்புக்குள் போய் ஒரு வேலையைச் செய்கிற பொருளுக்குப் பக்கவிளைவே கிடையாது என்றால், அது வேலையே செய்யவில்லை என்று பொருள். மூலிகை மேல் உண்மையான மதிப்பு வைத்திருக்கிறவர் அதன் சக்தியையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? 'பக்கவிளைவு இல்லாதது' என்று சொல்லிச் சொல்லியே நாம் மூலிகையைச் சர்க்கரைத் தண்ணீராக ஆக்கிவிட்டோம்.

ரத்தக்கொதிப்பின் வரலாறே இதற்குச் சாட்சி. 1931 இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினார்கள். 1949 இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பல ஆண்டுகள் அது உலகம் முழுவதும் பிரஷர் மாத்திரையாக விற்றது. பிறகு ஏன் ஒதுங்கியது? நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களை அது காலி செய்கிறது. அதனால் அழுத்தம் இறங்குகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது. அதே வேலையால் மூக்கடைப்பும் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வும் வந்தன. இன்றும் தூக்கத்துக்கு என்று சர்ப்பகந்தா குளிகை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இதயத் துடிப்பைத் தணிக்கும் பிரஷர் மாத்திரைகளான அட்டினலாலோ மெட்டோபிரலாலோ ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு அது சேர்ந்தால், இரண்டும் ஒரே திசையில் இழுத்து நாடியை மிகவும் மந்தமாக்கிவிடும்.

எதிர்ப் பக்கத்துக் கதையும் உண்டு. 'இங்கிலீஷ் மருந்து' என்று நாம் ஒதுக்கி வைக்கும் எனலாபிரில் வகை பிரஷர் மாத்திரைகளின் மூலம் ஒரு பாம்பு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில், பிராடிகைனின் என்ற உடற்பொருளின் வேலையைக் கூட்டுகிற ஏதோ இருப்பதாக 1965 இல் செர்ஜியோ ஃபெரைரா எழுதினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கேப்டோபிரில் உருவானது. 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாபிரில் அதன் தம்பி. இயற்கை நல்லது, செயற்கை கெட்டது என்று கோடு கிழிக்கிறவர்கள் இந்தப் பாம்பை எந்தப் பக்கம் விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

பிராடிகைனின் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நடக்க மிகவும் வாய்ப்புள்ள ஒரு கோளாறு அதிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

அறுபது வயது கடந்த ஆச்சி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரியில் எனலாபிரில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிரஷர் கட்டுக்குள் வருகிறது. சில வாரங்களில் வறட்டு இருமல் தொடங்குகிறது: சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ கீறுகிற மாதிரி. இது அந்த மாத்திரையின் வேலை. பிராடிகைனினை உடைக்கும் நொதியைத்தான் எனலாபிரில் தடுக்கிறது. உடையாத பிராடிகைனின் தொண்டையை உறுத்துகிறது. நூற்றில் ஐந்து முதல் இருபது பேருக்கு இது வரலாம். ஆச்சிக்கு இது தெரியாது. மாத்திரைக்கும் இருமலுக்கும் முடிச்சுப் போட அவருக்குக் காரணமும் இல்லை. நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார். அண்ணாச்சி தம் அனுபவத்தில் சரியான மருந்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். "ஆச்சி, இந்த அதிமதுரத்தை ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், பொடியை ராத்திரி பாலில் போட்டுக் குடியுங்கள், நாலு நாளில் தொண்டை திறந்துவிடும்." தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது. இருமல் மட்டும் முழுதாகப் போவதில்லை, ஏனென்றால் காரணம் மாத்திரையாகத் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நாலு நாள் நாற்பது நாளாகிறது.

அதற்குள் சிறுநீரகத்தில் வேறு ஒன்று நடக்கிறது. உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் உத்தரவு தருகிறது. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ரத்தத்தில் அதைவிடப் பலமடங்கு அதிகமாக ஓடுகிறது. ஆல்டோஸ்டீரோன் உட்கார வேண்டிய அதே இடத்தில் அதுவும் உட்கார முடியும். உட்கார்ந்தால் நாள் முழுவதும் 'உப்பைப் பிடி, உப்பைப் பிடி' என்ற உத்தரவுதான். அப்படி நேராமல் இருக்க, புளியரைச் சோதனைச்சாவடி போல ஒரு நொதி அங்கே நின்று, வருகிற கார்டிசாலை மறித்து வேலைக்காகாத கார்டிசோனாக மாற்றி அனுப்புகிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்தான கிளைசிரைசின், குடலில் மாறி, இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அளந்து பார்த்தால் பிரஷர் கூடியிருக்கிறது. டாக்டர் என்ன செய்வார்? மாத்திரை போதவில்லை என்றுதான் நினைப்பார். ஹைட்ரோகுளோரோதையசைடோ குளோர்தாலிடோனோ, நாம் 'நீர் மாத்திரை' என்கிற ஒன்றைச் சேர்ப்பார். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்து. அதிமதுரம் ஒரு வாசலில், நீர் மாத்திரை இன்னொரு வாசலில். ஆச்சிக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது, படி ஏற முடியாமல் தொடை துவள்கிறது. "வயதாகிவிட்டது" என்கிறார்கள் வீட்டில். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத்தின் தாளமே தப்பும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் தப்புச் செய்தவர் என்று யாரைக் காட்டுவது? ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். முதல் நாளே இருமலை டாக்டரிடம் சொல்லியிருந்தால், எனலாபிரிலை நிறுத்தி டெல்மிசார்டானோ லோசார்டானோ எழுதியிருப்பார். பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் தானாகப் போயிருக்கும்.

எவ்வளவு அதிமதுரம் அதிகம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வேரில் அந்தச் சத்து எவ்வளவு என்பது விளைந்த மண்ணையும் வேரின் வயதையும் பொறுத்துப் பெரிதும் மாறும். நூறு கிராமில் நான்கு கிராம் என்று வைத்துக்கொண்டாலே, இரண்டரை கிராம் பொடியில் அந்த எல்லை வந்துவிடுகிறது. சமையலறைத் தேக்கரண்டியில் அள்ளினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஒரு நாள் இரண்டு நாள் சாப்பிடுவதால் உடம்பு நன்றாக உள்ள ஒருவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. வாரக்கணக்கில் தொடர்வதுதான் வினை. 2020 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயது மனிதர் ஒருவர் இதயம் நின்று இறந்ததை அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. சில வாரங்களாகத் தினமும் அதிமதுர மிட்டாயைப் பை பையாகத் தின்றிருக்கிறார். பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது.

எல்லையில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம், ஏனென்றால் அதிமதுரம் எல்லா இடத்திலும் அந்தப் பெயரில் வருவதில்லை. மலையாளத்தில் இரட்டிமதுரம். கஷாயக் குப்பியின் லேபிளில் யஷ்டி, யஷ்டிமது, மதுகம், அல்லது தாவரப் பெயரான கிளைசிரைசா கிளாப்ரா. பல பழைய மருந்துக் கலவைகளில் அது ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு வேளைக் கஷாயத்தில் உள்ள அளவு சிறியதாக இருக்கலாம். கஷாயம், இருமல் பொடி, தொண்டைக் குளிகை என்று மூன்று வழியில் உள்ளே போனால் கணக்கு மாறிவிடும்.

பொட்டாசியம் இறங்குவது பற்றிச் சொன்னேன், ஏறுவதும் உண்டு. எனலாபிரில், டெல்மிசார்டான், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை உடம்பில் தங்கவிடும் மருந்துகள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் கவலையில்லை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்துபோன ஒருவர், 'பிரஷருக்கு நல்லது' என்று கேள்விப்பட்டு காலையில் முருங்கைக்கீரைச் சாறு, பகலில் இளநீர், சமையலுக்குச் சோடியம் குறைத்த உப்பு என்று நடத்தினால் சிக்கல். ஓர் இளநீரிலேயே அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். சோடியம் குறைத்த உப்பு என்பது சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய பொருள். இரு பக்கமும் ஓரம் போனால் இதயம்தான் அடி வாங்கும். கீரையை விடச் சொல்லவில்லை. சிறுநீரகச் சோதனையில் கிரியேட்டினின் கூடியிருப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவேண்டும்.

உப்பு என்றதும் இந்துப்பு நினைவுக்கு வருகிறது. இந்துப்பு பிரஷரை ஏற்றாது என்ற நம்பிக்கை மலையின் இருபுறமும் உறுதியாக இருக்கிறது. கல்லில் வெட்டி எடுத்தாலும் கடலில் காய்ச்சி எடுத்தாலும் அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். கஷாயத்துக்கு மேம்பொடியாக ஒரு சிட்டிகை போடுவது ஒன்றும் செய்யாது. அஜீரணத்துக்கென்று தினமும் சாப்பிடும் லவண பாஸ்கர சூரணத்தில் பல வகை உப்புகள் கணிசமாகச் சேர்கின்றன. அதை வருஷம் முழுவதும் சாப்பிடுகிறவர் ஊறுகாயை ஒதுக்கிவைத்து என்ன பயன்? பிரானூர் பார்டரில் இரவு பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு வந்து இந்துப்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

இனி மூட்டுவலி. பிரஷர் உள்ள வயதில்தான் முழங்காலும் தேய்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களில் பாதிப்பேர் போவது அதற்காகத்தான் என்று சொன்னால் மிகையாகாது. எண்ணெய், கிழி, உழிச்சில் போன்ற வெளிப்பூச்சுகளால் பிரஷர் மாத்திரைக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் கவனம் வேண்டும். மூட்டுவலிக்குப் பேர்போன குளிகைகளில் குக்குலு என்ற மரப்பிசின் சேர்ந்தவை அதிகம். குக்குலுவிலிருந்து எடுத்த சாரத்தை நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குக் கொடுத்து, கூடவே பிரப்ரனலால், டில்டியாசம் என்ற பிரஷர் மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 1994 இல் இந்திய மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு மாத்திரைகளும் ரத்தத்தில் சேர்ந்த அளவு தெளிவாகக் குறைந்துபோயிருந்தது. விழுங்கியது முழு மாத்திரை. உடம்புக்குக் கிடைத்தது குறைந்த மாத்திரை.

அதைவிட நான் பயப்படுவது பெயரில்லாப் பொடிக்கு. தீராத முழங்கால் வலி மூன்றே வேளையில் பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படவேண்டும். இத்தகைய பொடிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையையோ அரைத்துக் கலந்து விற்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்ட மோசடி. ஸ்டீராய்டு பிரஷரையும் சர்க்கரையையும் சேர்த்து ஏற்றும். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து உப்பைத் தங்கவைக்கும்; எனலாபிரிலின் வேலையையும் மழுங்கடிக்கும். எனலாபிரில் அல்லது டெல்மிசார்டான், அதோடு நீர் மாத்திரை, அதோடு வலி மாத்திரை: இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். வயிற்றுப்போக்கோ வெயிலில் வியர்த்த களைப்போ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டவர் டாக்டரிடம் "வலி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை" என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதனை.

இதே மோசடி இன்னொரு சரக்கிலும் உண்டு, அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசமாட்டார்கள். பஸ் நிலையச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டி விற்கும் ஆண்மை லேகியங்கள். உலகெங்கும் இந்த வகைச் சரக்குகளில் சில்டெனாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மாத்திரை கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் பெயர்களைத் தொடர்ந்து வெளியிட்டே வருகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், உயிரும் போகலாம். பிரஷருக்கோ புராஸ்டேட்டுக்கோ பிரசோசின், டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கும் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழும் அபாயம் உண்டு.

மிளகையும் திப்பிலியையும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வைத்தியர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். மருந்தை ஏற்றிவிடச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைத் துணையாகக் கொடுப்பது பழைய முறை. 1970களின் இறுதியில் ஜம்முவில் உள்ள ஆய்வகம் ஒன்று, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை ரத்தத்தில் கூடுதலாகச் சேரச் செய்கிறது என்று காட்டியது. 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரு வாரம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் பிரப்ரனலாலின் அளவு கூடியது. குடலிலும் கல்லீரலிலும் மருந்தை உடைக்கும் நொதிகளைப் பைப்பரின் தடுப்பதே காரணம். கஷாயம் ஏறவேண்டும் என்று வைத்தியர் சேர்த்த திப்பிலி, அவருக்குத் தெரியாத பிரஷர் மாத்திரையையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்படவேண்டியதில்லை. மருந்தளவில் நாள்தோறும் சாப்பிடும் திரிகடுகச் சூரணமும் திப்பிலி ரசாயனமும்தான் பேச்சு.

எல்லா மாத்திரைக்கும் இந்த விதி பொருந்தாது. அட்டினலால் பெரும்பாலும் உடையாமல் சிறுநீரகம் வழியே போகிறது. அதன் மேல் பைப்பரினுக்குப் பிடி இல்லை. இங்கே அதிகம் கொடுக்கப்படும் அம்லோடிபின் மெதுவாக, நிதானமாக உடைவது, ஆகையால் அவ்வளவாக அசையாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெலோடிபினும் நிஃபெடிபினும் சட்டென்று அசையும். அமெரிக்காவில் விளையும் கிரேப்ஃபுரூட் பழச்சாறு ஃபெலோடிபினின் அளவைப் பலமடங்கு கூட்டுவது 1989 இல் தற்செயலாகத்தான் தெரியவந்தது. நம் தோட்டங்களிலும் கேரளத்து வீட்டு முற்றங்களிலும் காய்க்கும் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு. அதே வகைச் சத்து இதிலும் இருக்கிறது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸை விட்டுவிடுவது நல்லது. ஒரு பழத்தின் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும் என்பதால், மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் என்று பிரித்துச் சாப்பிட்டுத் தப்பிக்க முடியாது.

அம்லோடிபினுக்கு வேறு ஒரு பழக்கம். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கம் என்றதும் நெருஞ்சில் குடிநீரும் மூக்கிரட்டைக் கஷாயமும் வீட்டுக்குள் வந்துவிடும். இந்த வீக்கம் நீர் தேங்கியதால் வருவதைவிட, ரத்தக் குழாய் விரிந்து கசிவதால் வருவது. நீரை எவ்வளவு பிரித்தாலும் முழுதாக வடியாது. ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் குடித்தால், கால் வீக்கம் அப்படியே இருக்க உடம்பு வறண்டு தலை சுற்றும். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூண்டு அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்பது உண்மை, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் உண்மை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்கும் ஆபரேஷனுக்கும் முன் இதைச் சொல்லிவிடவேண்டும். அரிஷ்டத்தில் தானாக ஊறி உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, குப்பியிலேயே அச்சடித்திருப்பார்கள். சொன்ன அளவில் அது சிறிது, குவளையில் ஊற்றிக் குடிப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

சில செடிகள் மாத்திரையோடு சண்டை போடுவதில்லை, நேரே சிறுநீரகத்தையே தின்கின்றன. சிறுநீரகம் கெட்டால் பிரஷர் எந்த மாத்திரைக்கும் அடங்காது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகரில் மெலிவதற்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் கெட்டுப்போனார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டது காரணம். நம் ஊரில் கருடக்கொடி, ஈஸ்வரமூலி என்று வேலியில் படர்வதும், ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம். அவற்றில் உள்ள அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பாம்புக்கடிக்கும் வயிற்றுவலிக்கும் வீட்டு வைத்தியமாக இந்த வேரை அரைத்துக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். இதில் தயங்கிப் பேச இடமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல், மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்வது. "கஷாயம் ஆரம்பித்துவிட்டீர்கள் அல்லவா, இனி அந்த இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்று பொறுப்புள்ள எந்த வைத்தியரும் சொல்லமாட்டார், சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டினலால், பிரப்ரனலால், குளோனிடின் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தமும் துடிப்பும் முன்பைவிட மேலே எகிறும். இதய நோயாளிக்கு அது மாரடைப்பில் முடியலாம். ரத்தக்கொதிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ரத்த அழுத்தத்தின் பெயரும் இருக்கிறது. 'வேரோடு அறுக்கிறோம்' என்ற சுவரொட்டியைப் பார்த்தால், அதை ஒட்டியவர் முதல் படியிலேயே சட்டத்தை மீறியவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

செய்யவேண்டியது கடினமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு கஷாயக் குப்பி, குளிகை டப்பா, பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகவேண்டும். வைத்தியசாலைக்குப் போகும்போதும் அதே பை. மலையாள லேபிளை டாக்டரால் படிக்க முடியாவிட்டால் மருந்தகத்தில் யாராவது படிப்பார்கள்; இந்த ஊர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? புதிதாக ஒரு நாட்டு மருந்தைத் தொடங்கினால் ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தபின் பிரஷரை அளந்து எழுதி வைக்கலாம். வீட்டு அளவில் 135/85க்கு மேல் தொடர்ந்து நின்றாலோ, எழுந்ததும் தலை கிறுகிறுத்தாலோ, அந்தத் தாளோடு டாக்டரைப் பார்க்கவேண்டும். மருந்தால் உண்டான கோளாறு என்று சந்தேகம் வந்தால், இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம்.

நிறுத்துவதையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். அதிமதுரத்தை விட்டபின் அந்த நொதி மெல்லத்தான் விழித்துக்கொள்ளும். விளைவு ஓரிரு வாரம் நீடிக்கும். அதன் பிறகு பிரஷர் இறங்கத் தொடங்கும்போது, இடையில் கூட்டிக் கொடுத்த மாத்திரைகளும் நீர் மாத்திரையும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பிரஷரையும் பொட்டாசியத்தையும் பார்த்து, கூட்டிய அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்கவேண்டும்.